மேப்பிள் மரத்தை வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பது எப்படி?

கோடை உச்சத்தில் ஜப்பானிய மேப்பிள் இலை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். விரல் விரலாகப் பிரிந்த நுனிகள் மட்டும் பழுப்பேறி, தொட்டதும் சருகாக நொறுங்கும். நடுப்பகுதி பசுமை மாறாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இதை நோய் என்று எண்ணி மருந்து தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் இது நோயே அல்ல. வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் அனுப்ப முடியவில்லை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இலையின் ஓரம் என்பதால், முதலில் காய்வதும் அதுதான்.

குளிர்காலத்திலும் இதே கதைதான். ஜப்பானிய மேப்பிளின் கிளைகள் நன்றாக உறக்கநிலையில் இருக்கும்போது மைனஸ் 20 டிகிரி செல்சியஸைக்கூடத் தாங்கிவிடும். வேர்களோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே சேதமடையத் தொடங்கும். எனவே இலை வாடினாலும் கிளை காய்ந்தாலும் முதலில் வேரைக் கவனியுங்கள்.

படி 1: இடம்

ஜப்பானிலும் கொரியாவிலும் இந்த மரம் காட்டில், உயர்ந்த மரங்களின் கீழே வளர்வது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிற்பகலில் நிழல்: இப்படி ஓர் இடம் அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேற்கு வெயிலை உள்வாங்கித் திருப்பிவிடும் சுவர், சிமென்ட் தரை இவற்றின் அருகில் வைக்காதீர்கள். காற்று நேராக வந்து மோதும் மூலையும் ஆகாது. மென்மையான பிசிறு இலை கொண்ட 'டிசெக்டம்' வகைகள் மற்றவற்றைவிட விரைவில் கருகும். அவற்றுக்கு நிழல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

படி 2: மூடாக்கு

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மேப்பிளின் வேர்கள் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே படர்பவை. மரப்பட்டைத் துண்டுகளையோ மக்கிய இலைகளையோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு, கிளைகள் பரவியிருக்கும் எல்லை வரை பரப்புங்கள். கோடையில் மண் கொதிக்காது, ஈரமும் தங்கும். குளிர்காலத்தில் அதே மூடாக்கு வேருக்குப் போர்வையாகிவிடும்.

ஆனால் அதைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். தூரைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள். எப்போதும் ஈரமாக இருந்தால் பட்டை அழுகிவிடும். பார்க்க அழகாக இருக்கிறது என்று கூம்பு வடிவில் குவித்து வைக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

படி 3: தண்ணீர்

தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை மெதுவாக, ஆழமாக ஊறவிடுவது நல்லது. ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள்; அங்கே ஈரம் இருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை கருகினால் காரணம் பெரும்பாலும் வெயிலோ காற்றோதான். அப்போது மேலும் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். தொட்டிச் செடிக்குக் கடும் கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படலாம்.

படி 4: வெப்பம் ஏறும் நாட்களில்

வெப்பநிலை 35 டிகிரியை நெருங்கும் நாட்களில், முந்தைய மாலையே நன்றாக நீர் பாய்ச்சுங்கள். 30 முதல் 50 சதவீத நிழல் தரும் நிழல்வலையை மேற்குப் பக்கம் கம்பு நட்டுக் கட்டுங்கள். இலைமேல் படாமல் காற்றுப் போக இடைவெளி இருக்கட்டும். கருகிய இலைகளை உடனே பறிக்க வேண்டாம். பாதி பச்சையாக உள்ள இலையும் மரத்துக்கு உணவு தயாரிக்கிறது, கீழே உள்ள கிளைக்கு நிழலும் தருகிறது. இந்த நாட்களில் உரமும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம்.

படி 5: குளிருக்கு முன்

கோடை நடுப்பகுதிக்குப் பிறகு தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள். தாமதமாக வரும் இளங்கிளை முற்றுவதற்குள் உறைபனியில் சிக்கும். இலை உதிர்ந்தபின், மண் உறைவதற்கு முன், ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். இளமரத்தின் தண்டில் வெளிர்நிறத் துணிப்பட்டையைச் சுற்றினால், பகல் வெயிலில் சூடேறி இரவில் திடீரென உறைந்து பட்டை வெடிப்பதைத் தடுக்கலாம். வசந்தம் வந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

தொட்டியில் இருப்பதற்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் குளிர் நான்கு பக்கமிருந்தும் வேரைத் தாக்கும். தொட்டியைத் தரையில் புதைக்கலாம். அல்லது சுற்றிலும் சணல் சாக்கு கட்டி, காற்றுப்படாத சுவரோரம் வைக்கலாம். சூடேற்றப்படாத கொட்டகையும் நல்ல இடம். சூடான அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பரிதாபப்பட்டு அப்படி ஒரு செடியை நான் உள்ளே வைத்தேன். நடுக்குளிர்காலத்திலேயே மொட்டு விரிந்து, வெளிறிய தளிர்கள் நீண்டு துவண்டன. இந்த மரத்துக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம் வேண்டும்.

படி 6: தளிர்க்கும் நேரத்துப் பனி

இலை விரியத் தொடங்கியபின் வரும் பனி இரவுதான் மிகவும் கொடியது. மாலையில் மெல்லிய துணியைத் தரை வரை தொங்கும்படி போர்த்துங்கள். மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் தாள் தளிரில் பட்டால் பட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறுமுன் துணியை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் தளிர் கருகிவிட்டால் கிளையை உடனே வெட்டாதீர்கள். சில வாரங்கள் பொறுத்து, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. உறங்கிக் கிடக்கும் மொட்டுகளிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பழுப்பாகக் காய்ந்திருந்தால், பச்சை தென்படும் இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இறங்கி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள்.