பாயோடு ஒட்டவைத்த புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி

"நல்ல கதை. விறுவிறுப்பாகப் போகிறது. முடிவு எதிர்பாராதது." இந்த மூன்று வசனங்களையும் எந்தப் புத்தகத்தின் கீழும் எழுதலாம். முடிவைப் பற்றிய வசனத்தை வெட்டிவிட்டால் பஞ்சாங்கத்துக்கும் பொருந்தும். இப்படி எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அடுத்த புத்தகத்தை நான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை.

மட்டக்களப்பு கல்லடியில் எனக்குச் சிறிய கடை. போட்டோப்பிரதி எடுப்பது, கொப்பி, பேனை, விண்ணப்பப் படிவம் விற்பது இவைதான் வியாபாரம். பின்பக்கத்துக் கண்ணாடி அலுமாரியில் உள்ள நாவல்கள் இரவல் கொடுப்பதற்கு. காசு வாங்குவதில்லை. திருப்பிக் கொண்டுவரும்போது மேசையில் கிடக்கும் சீ.ஆர். கொப்பியில் குறைந்தது நாலு வரி எழுத வேண்டும், அதுதான் வாடகை. அதிகமாக வெளியே போவது இரண்டு வகை: மனத்தைக் குடைகிற உளவியல் திரில்லர் ஒன்று, மந்திரவாதியும் பறவை நாகமும் (டிராகன்) வருகிற ஃபேன்டஸி மற்றது. அபிப்பிராயம் எழுதச் சிரமமானவையும் இவையே. முதலாவதில் கதையைச் சொன்னால் புத்தகம் செத்துப்போகும். இரண்டாவதில் கதையைச் சொல்லத் தொடங்கினால் கடை பூட்டும் நேரமாகிவிடும்.

முதலில் யாருக்காக எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியருக்காக அல்ல, அவர் உங்கள் வரியைக் காணப்போவதில்லை. எனக்காகவும் அல்ல. அடுத்ததாக ஒருவர் வருவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், பஸ் வந்துவிடுமோ என்று வீதியைப் பார்த்துக்கொண்டே கொப்பியைப் புரட்டுவார். 'இது எனக்கா, இல்லையா' என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். உங்கள் நாலு வரியும் அவருக்கு உதவினால் போதும். உங்கள் ரசனையின் உயரத்தை அவர் அளக்கப்போவதில்லை.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். அந்த மந்திரம் எங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, சில நாவலாசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கொப்பியில் முதலில் எழுத வேண்டியது இதுதான்: எந்த இடத்தில் ஒட்டினீர்கள், எந்த இடத்தில் கழன்றீர்கள். புத்தகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டம் கொடுக்காதீர்கள். இடத்தைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் வேலைசெய்கிற தம்பி ஒருவர் ஒரு திரில்லரைத் திருப்பித் தந்துவிட்டு, 'மிகவும் பயங்கரமான நாவல், அனைவரும் வாசிக்க வேண்டும்' என்று எழுதினார்.

"எந்த இடத்தில் பயந்தீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பெண் இரவில் குளிசையை எண்ணிப் போத்தலுக்குள் போடுவாள் அக்கா. பதினாலு. காலையில் எண்ணினால் பன்னிரண்டு. அறை உள்ளே பூட்டியபடியே இருக்கிறது."

"இதை எழுதுங்கள்."

"கதை தெரிந்துவிடுமே?"

"எத்தனையாவது பக்கம்?"

"முப்பது, முப்பத்தைந்து இருக்கும்."

"அப்படியென்றால் தெரியட்டும்."

அவர் எழுதியது இன்றும் கொப்பியில் இருக்கிறது: 'குளிசை எண்ணுகிற இடத்தில் எனக்குக் கை குளிர்ந்தது. நான் தினமும் செய்கிற வேலை அது. இருநூறாம் பக்கத்துக்குப் பிறகு பொலிஸ்காரர் வந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கிறார், அங்கே பயம் போய்விட்டது.' அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் பலர் அந்த நாவலைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். பொலிஸ்காரரின் விளக்கம் பிடிக்கும் என்று சொல்லியே எடுத்துப்போனவரும் உண்டு. குறையை இடம் சுட்டிச் சொன்னால் அதுவே இன்னொருவருக்குச் சிபாரிசாகும்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு எங்கள் கடையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். முதல் கால் பங்கில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். பாதி வரைக்கும் ஆட்களைப் பற்றிச் சொல்லலாம், சம்பவத்தைச் சொல்லக்கூடாது. அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்: தூக்கம் போனது, எரிச்சல் வந்தது, கடைசி அத்தியாயத்தை நின்றபடியே வாசித்தீர்கள், இப்படி. 'கடைசியில் பெரிய திருப்பம் இருக்கிறது' என்று எழுதுவதும் கதையை உடைப்பதுதான். அப்படிச் சொன்னவுடன் வாசிக்கிறவர் ஒவ்வொரு பக்கத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுவார். 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவல் ஏன் பேர்பெற்றது என்று சொன்னாலே அந்த நாவல் முடிந்துபோகும். எங்கள் கொப்பியில் அதற்கு இருக்கிற வரி: 'அவசரப்படாமல் வாசியுங்கள். முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள்.' இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

மாறாக, சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாத தகவல்கள் உண்டு. தேடிப் பிடித்து எழுத வேண்டியவை அவை. டாப்னி டு மோரியே 1938இல் எழுதிய ரெபெக்கா நாவலில் கதை சொல்கிற பெண்ணின் பெயர் கடைசிவரை வருவதில்லை. செத்துப்போன முதல் மனைவியின் பெயரோ புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. இதை அறிந்துகொண்டு வாசிக்கிறவருக்கு அந்த வீட்டின் மூச்சுமுட்டல் இன்னும் கூடும். கதையோ அப்படியே பத்திரமாக இருக்கும்.

திரில்லர் நல்லதா என்று தீர்மானிக்க நான் சொல்லிக்கொடுக்கிற பரீட்சை ஒன்றுதான். முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பத்துப் பக்கம் வாசியுங்கள். உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பக்கங்கள் நிற்கின்றனவா? ஆசிரியர் ஒளித்துவைத்திருக்கலாம், அது அவருடைய தொழில். பொய் சொல்லியிருந்தால் அது மோசடி. கொலைசெய்தவனே கதைசொல்லியாக இருந்து, தனியாக உட்கார்ந்து யோசிக்கிற இடத்திலும் 'யார் செய்திருப்பார்கள்' என்று தன்னையே கேட்டுக்கொண்டால் அந்த ஆசிரியருக்கு நான் மன்னிப்புக் கொடுப்பதில்லை. அவனுடைய தலைக்குள் எங்களை உட்கார்த்திவைத்துக்கொண்டு அவனே அறிந்ததை மறைப்பதற்குக் கெட்டித்தனம் ஒன்றும் வேண்டியதில்லை. நல்ல எழுத்தாளர் அதே இடத்தில் அவனைத் தேநீர் ஊற்றவைப்பார், கைக்குட்டையைத் தேடவைப்பார். வாசிக்கிறவர் அந்த இடைவெளியைத் தானாகத் தாண்டிப் போய்விடுவார். பின்னால் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதிவைத்தால் அதைவிடப் பெரிய விமர்சனம் வேண்டாம்.

இன்னொரு விடயத்தில் நான் கண்டிப்பு. மனநோய் உள்ள ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்து, 'பைத்தியம், அதனால் கொன்றான்' என்று முடிக்கிற நாவல்கள் ஏராளம். அதை அப்படியே எழுதிவிடுங்கள்: 'காரணத்துக்குப் பதிலாக நோயைக் காட்டியிருக்கிறார்.' இந்தக் கரையோரத்தில் சத்தத்துக்குப் பயந்து எழும்புகிறவர்கள், கடலின் பக்கமே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடியும் நாவலடியும் பார்த்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒருவரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. காலையில் மீன் வாங்குகிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள், என் கடைக்கு வந்து அடையாள அட்டையைப் பிரதி எடுக்கிறார்கள்.

இதனால்தான் முதல் வரியில் ஓர் அறிவிப்புப் போடச் சொல்கிறேன். கில்லியன் ஃபிளினின் கோன் கேர்ள் 2012இல் வந்தது. ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமற்போகிறாள். கணவன் சொல்வதும் அவளுடைய நாட்குறிப்பும் மாறி மாறி வருகின்றன. கெட்டித்தனமான நாவல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காணாமற்போன மகனின் படத்தைச் சட்டம் போட்டு இன்னும் சுவரில் வைத்திருக்கிற வீட்டுக்கு அது எதுவும் அறிவிக்காமல் போகக்கூடாது. 'ஆள் காணாமற்போதல் உண்டு', 'கடலில் மூழ்குதல் உண்டு', 'குழந்தை இறக்கிறது' என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். யார், எப்போது, ஏன் என்பது வேண்டாம். இதனால் கதை உடைந்துவிடும் என்று வாதாடுகிறவர்களுக்கு என் பதில்: உடையட்டும்.

அதே நாவலின் கீழ் காத்தான்குடியிலிருந்து வருகிற ஒரு ராத்தா, 'கணவனை முதல் அத்தியாயத்திலிருந்தே நம்பவில்லை. பொலிஸாரிடம் பேசும்போது சிரிக்கிறான்' என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு டீச்சர், 'சிரிப்பது குற்றமா? எனக்குச் சாவு வீட்டிலும் சிரிப்பு வரும்' என்று எழுதியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. இப்படிப் பதில் எழுதுவதை நான் தடுப்பதில்லை. மற்றவருடைய வரியை வெட்டுவதைத்தான் தடுக்கிறேன்.

ஃபேன்டஸிக்கு வருவோம். அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அப்படிச் சொல்கிற அதே மாமி வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை படிக்கும்போது கண்ணீர் விடுவார். ஒரு பெண்ணின் கோபத்தில் மதுரை எரிந்ததை ஏற்றுக்கொள்கிற மனத்துக்குப் பறவை நாகம் எந்த மூலைக்கு? விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வட்டக்களரியை, அதாவது கூத்தாடுகிற வட்ட மேடையை, ஒருவர் சுற்றிவந்தால் நாடு கடந்துவிட்டார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபேன்டஸியைப் பற்றி எழுதும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இப்படி நடக்குமா?' என்பதல்ல. 'மந்திரத்துக்கு விலை என்ன?' என்பதுதான். கண்ணகி கதையிலேயே அது இருக்கிறது. மூட்டிய தீயைச் சும்மா விட முடியாது, அம்மனைக் குளிர்விக்க வேண்டும். சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடுவது அதற்காகத்தானே? உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ மந்திரவாதியின் கதையிலும் இந்தக் கணக்குக் கறாராக இருக்கிறது. ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதை ஆளலாம், ஆண்டால் உலகத்தின் சமநிலை எங்கோ அசையும். கதை முழுக்கத் தீவுகள், தோணிகள், பாயில் காற்றை அழைப்பது. வாவிக் கரையில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளைக்காரனாக்கி வரைந்ததைப் பற்றி ஆசிரியரே குறைப்பட்டிருக்கிறார். என் அலுமாரியில் இருப்பதும் அப்படி ஓர் அட்டைதான். பழுப்பு உறை போட்டுவைத்திருக்கிறேன்.

விலையில்லாத மந்திரம் வருகிற நாவல்களைக் கொப்பியில் தயவுதாட்சணியம் இல்லாமல் எழுதுங்கள். நாயகன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதுவரை கேள்விப்படாத ஒரு மந்திரம் நினைவுக்கு வருகிறதா? எந்த அத்தியாயத்தில் முதன்முறை அப்படி நடந்தது என்று குறித்துவிடுங்கள். நான் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவேன். உங்களுக்குப் பொறுமை இருக்கலாம்.

பெயர்கள் குழப்புகின்றன என்பது அடிக்கடி வருகிற முறைப்பாடு. ஒரு சின்ன வேலை செய்தால் அது தீரும். இவ்வகைப் புத்தகங்களில் பெரும்பாலும் முன்பக்கத்தில் வரைபடம் இருக்கும். அதை ஒரு பிரதி எடுத்து, நாலாக மடித்து, பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆள் வரும்போது அவர் பிறந்த இடத்தின் மேலேயே பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பாதிப் புத்தகத்தில் வரைபடம் நிறைந்துவிடும், தலை தெளிவாக இருக்கும். புத்தகத்தைத் தரும்போது அந்தத் தாளையும் உள்ளேயே வையுங்கள். (பிரதிக்குக் காசு உண்டு. இது கடை.)

தொடர் நாவல் என்றால் எத்தனையாவது பாகம் வரை வாசித்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். டோல்கீனின் மோதிரக் கதை 1954இலும் 1955இலும் மூன்று பாகமாக வந்தாலும் அவர் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். முதல் பாகத்தை மட்டும் வாசித்துவிட்டு 'முடிவு சரியில்லை' என்று எழுதுவது நியாயமில்லை, அது முடிவே இல்லை. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் சிம்மாசனக் கதை 1996இல் தொடங்கியது. ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவதற்காக வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்படிப்பட்டவற்றின் மேல் 'முற்றுப்பெறாதது' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகாமல் இருக்கவும் உதவும்.

மற்றவை சில்லறை. மொழிபெயர்ப்பில் வாசித்தால் அதைச் சொல்லுங்கள். தமிழ் முட்டினால் ஆசிரியரைத் திட்டாதீர்கள். நட்சத்திரமும் புள்ளியும் வேண்டாம். திரில்லருக்கு நாலு, ஃபேன்டஸிக்கு நாலு என்றால் அதை வைத்து ஒருவரும் எதையும் தெரிவுசெய்ய முடியாது. எங்கே, எப்படி வாசித்தீர்கள் என்பதும் பயன்படும்: உதயதேவி ரயிலில் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் முடிக்கக்கூடியதா, மாரிகாலத்தில் வீட்டோடு கிடக்கும்போது வாசிக்க வேண்டியதா? பாதியில் விட்டால் வெட்கப்படாமல் பக்க எண்ணோடு எழுதுங்கள். முடித்ததாகப் பொய் சொல்கிறவர்களை நான் ஒரு கேள்வியிலேயே பிடித்துவிடுவேன்.

கடைசியாக, அபிப்பிராயம் எழுத வேண்டிய இடம் கொப்பி. புத்தகத்தின் ஓரம் அல்ல. மூன்றாம் பக்கத்தின் மூலையில் கொலையாளியின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி அம்புக்குறியும் போட்டுவைத்த ஒரு மகானுபாவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய 'ழ'கரம் கொப்பியிலும் அதே மாதிரித்தான் வளைகிறது. அவர் ஆவலோடு வாசித்துவருகிற ஃபேன்டஸித் தொடரின் இறுதிப் பாகம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அழிறப்பரோடு வந்தால் பேசலாம்.