ஏர்லாக் இல்லாத கலத்திலிருந்து விண்நடை செய்வது எப்படி?

2024 செப்டம்பர் 12 அன்று, போலாரிஸ் டான் என்ற தனியார் விண்வெளிப் பயணத்தில் ஜாரெட் ஐசக்மேனும் சாரா கில்லிஸும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தின் மேல் கதவு வழியே ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்குத் தயாராக ஏறக்குறைய இரண்டு நாள் பிடித்தது. ஏர்லாக் (கலத்தின் காற்றை இழக்காமல் வெளியே போக உதவும், இரு கதவுள்ள சிறு அறை) இல்லாததால் கலத்தின் காற்று முழுவதையும் வெளியேற்றியாக வேண்டும். உள்ளேயே இருக்கப்போகும் மற்ற இருவருக்கும் விண்வெளி உடை வேண்டும்.

முதல் வேலை, உடம்பிலிருந்து நைட்ரஜனை இறக்குவது. கலத்துக்குள் 14.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம், உடைக்குள் 5.1. தரைமட்டக் காற்றை சுவாசித்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் மட்டுமே 11.4 பிஎஸ்ஐ, உடை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்படியே வெளியே போனால், சோடா புட்டியைத் திறந்த கதைதான்: திசுக்களில் குமிழி கட்டும், மூட்டு வலி வரும், மோசமானால் நரம்பையும் தாக்கும். அதனால் கல அழுத்தத்தை 45 மணி நேரம் போலப் படிப்படியாக 8.65-க்கு இறக்கி, ஆக்ஸிஜன் விகிதத்தை ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன் ஏறினால் தீ எளிதில் பற்றும். எரியக்கூடிய துணி, காகிதம் எதையும் வெளியே கிடக்க விடாதீர்கள்.

உடை மாட்டியதும் கசிவுச் சோதனை. பிறகு உடைக்குள் ஆக்ஸிஜனை ஓடவிட்டு மிச்ச நைட்ரஜனைத் துரத்துங்கள். இடையில் முகக்கண்ணாடியைத் திறந்து கல காற்றை இழுத்துவிட்டால், ஆக்ஸிஜன் ஓடவிடும் நேரத்தோடு, திறந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டால் போதாது. உடம்பில் நைட்ரஜன் ஏறும் வேகத்தில் இறங்காது.

காற்றை வெளியேற்றும் முன் சாமான்களைப் பாருங்கள். மூடிய உணவுப் பொட்டலம் உப்பும், திறந்து கிடக்கும் நீர் கொதிக்கும், காற்றால் குளிரும் மின்னணுக் கருவி சூடேறும்.

கதவைத் திறக்க அவசரம் வேண்டாம். 80 செ.மீ. குறுக்களவுள்ள, உள்பக்கம் திறக்கும் கதவில் 0.1 பிஎஸ்ஐ மிச்சம் இருந்தாலே 35 கிலோ பாரம் அழுத்துவது போல இருக்கும். எடையின்றி மிதப்பவர் காலை எங்காவது ஊன்றாமல் இழுத்தால், கதவு அசையாது, அவர்தான் சுழல்வார்.

வெளியே இருப்பவருக்கு உயிர்க்காற்று 3.6 மீட்டர் குழாய் வழியே வருகிறது. அது எதிலும் சிக்காமல் உள்ளிருப்பவர் கொடுத்தும் இழுத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் ஏறிய கையுறையை மடக்குவதே உழைப்பு. வேகம் கூடினால் வியர்வையில் முகக்கண்ணாடி மங்கும். 1966-ல் நாசாவின் ஜெமினி 9ஏ பயணத்தில் விண்நடை செய்த யூஜின் செர்னனுக்கு நடந்தது இதுதான்.

உள்ளே வந்ததும் கதவின் ரப்பர் விளிம்பைக் கண்ணால் பாருங்கள். ஓர் இழை நூல் மாட்டியிருந்தாலும் கசியும். மூடியபின் முழுக் காற்றையும் ஒரேயடியாக நிரப்பாதீர்கள்: கொஞ்சம் ஏற்றி நிறுத்தி, அழுத்தமானி இறங்குகிறதா என்று கவனியுங்கள். அது நிலைத்து நிற்கும்வரை யாரும் உடையைத் தளர்த்தக் கூடாது. பிறகு யாருக்காவது முழங்காலோ தோளோ வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாமல், உடனே ஆக்ஸிஜன் கொடுத்து கல அழுத்தத்தை முழு அளவுக்கு ஏற்றுங்கள்.