கண்ணில் நெல் உமி விழுந்தால்: பார்வையைப் பறிக்கும் தவறுகள்

போன வாரம் எங்கள் பார்வை மையத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒரு விவசாயியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கண்ணுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களாய்யா?" "ஒண்ணும் போடல தாயி." அவளும் சீட்டில் 'மருந்து இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே மாதிரி கேட்டு, இதே பதிலை எழுதியவள் நான். அதற்கு விலையாக ஒரு மனிதர் ஒரு கண்ணைப் பறிகொடுத்தார்.

கையைக் கழுவ வேண்டும், பாட்டில் முனை இமையில் படக்கூடாது, ஒருவர் மருந்தை இன்னொருவருக்குப் போடக்கூடாது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில், வரும் புண்ணைப் பார்ப்பதில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு எழுதுவதுதான், ஆனால் வீட்டில் களம், வயல், மாடு என்று இருக்கிறவர்களும் படிக்கலாம்.

சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்கும் போகும், பீளை தள்ளும், உறுத்தும், ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாக இருக்கும். கருவிழிப் புண் அப்படி இல்லை. ஒரே கண், வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும், டார்ச் அடித்தால் கருவிழியில் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ ஒரு பொட்டு தெரியலாம். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து ஒரு ஆய்வு செய்தார்கள். அதில் நூற்றுக்கு 65 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியா, ஏறக்குறையப் பாதி பூஞ்சை. நம் ஊரில் பூஞ்சை என்பது எப்போதாவது வரும் விஷயம் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் டார்ச்சையே எடுக்க வேண்டும்.

அடிபட்டதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கீழே விழுவதும் கல் படுவதும்தான் அவர்களுக்கு அடி. உமி பறந்ததா, கரும்புச் சோகை கீறியதா, பால் கறக்கும்போது மாடு வாலை வீசியதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஆமா, வால வீசுச்சு" என்று அப்போதுதான் வரும்.

பாட்டிலைக் கண்ணால் பார்க்காமல் விடுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும் தவறு.

அந்தப் பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை இது. தை மாதம், அறுவடை நேரம். சோழவந்தான் பக்கத்தில் இருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நெல் அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது இடது கண்ணில் உமி அடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. "ரத்தமா சிவந்து கெடந்துச்சு தாயி, இப்பத் தேவல, லேசாத்தான் மங்கலா இருக்கு" என்றார். மருந்து போட்டீர்களா என்றேன். இல்லை என்றார். டார்ச்சில் மங்கலாக ஒரு பொட்டு தெரிந்தது. சிவப்பும் இல்லை, வலியும் இல்லை, ஆறிக்கொண்டிருக்கும் புண் என்றே நினைத்தேன். மதுரையில் இருந்து வீடியோவில் பார்க்கும் மருத்துவரிடம் 'சிவப்பு தானாகவே குறைகிறது, எந்த மருந்தும் போடவில்லை' என்று சொன்னேன். அவருக்கு என் வார்த்தைதான் ஆதாரம். பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தைக் கொடுத்து இரண்டு நாளில் வரச் சொன்னார். வலி இல்லாததால் அவர் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மனைவியோடு வந்தார். கருவிழி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது, அதற்குப் பின்னால் அடியில் கோடு போட்ட மாதிரி சீழ் தேங்கி நின்றது. அந்த அம்மா இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு நடுவில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "இதப் போட்டதும் சட்டுனு செவப்பு போயிருச்சு, அப்பறம் எப்புடி இப்புடி ஆச்சு?" பாட்டிலைத் திருப்பினேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்தது. முதல் நாளே மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவருக்கு மாத்திரையும் ஊசியும்தான், கண்ணில் விடுவது சொட்டுத் தண்ணி. நான்தான் தப்பாகக் கேட்டேன்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு வராது. கண் சிவப்பதும் வலிப்பதும் உடம்பு கிருமியோடு சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, கிருமியை நிறுத்துவதில்லை. மேலே பார்க்கக் கண் வெளுத்து அழகாகிவிடும், பூஞ்சை தடுக்க ஆளில்லாமல் கருவிழிக்குள் வேர்விட்டு இறங்கும். அவருக்கு மதுரையில் புண்ணைச் சுரண்டிப் பார்த்தபோது பூஞ்சை என்று தெரிந்தது. மருந்து போட்டும் கருவிழி ஓட்டையாகி, கண்ணைக் காப்பாற்றவே கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கடைசியில் அந்தக் கண்ணுக்கு மிஞ்சியது கையசைவு தெரியும் அளவுப் பார்வை.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு உதவுமா என்று 500 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் நம் அரவிந்த் கண் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். அதில் பாக்டீரியாதான் என்று வளர்த்துப் பார்த்து உறுதி செய்து, 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகுதான் ஸ்டீராய்டையே தொட்டார்கள். பூஞ்சை உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அவ்வளவு பார்த்துக் கொடுத்தும் மூன்று மாதம் கழித்து மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை, நொகார்டியா என்ற பாக்டீரியா இருந்தவர்களுக்குத் தழும்பு பெரிதாகியிருந்தது. சரி, அவ்வளவு காவலோடு கொடுத்ததற்கே இதுதான் கணக்கு என்றால், என்ன கிருமி என்றே தெரியாமல் கடையில் வாங்கி ஊற்றுவதை என்ன சொல்வது?

அதனால் 'மருந்து போட்டீங்களா' என்று கேட்காதீர்கள். 'கண்ணுல என்னென்ன விட்டீங்க, அந்த பாட்டில் எங்க இருக்கு' என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிறது என்றால் மகனுக்கோ பேத்திக்கோ போன் போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வேலை. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், புளூரோமெத்தலோன், லோட்டெப்ரெட்னால், இந்த ஸ்டீராய்டுப் பெயர்களில் ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சீட்டில் முதல் வரியாக எழுதுங்கள், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிவப்பு குறைந்திருப்பது அப்போது நல்ல செய்தி இல்லை.

பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை

ஓரம் இறகு மாதிரி பிசிறடித்திருந்தால் பூஞ்சை என்று பாடத்தில் இருக்கிறது. உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கருவிழி நிபுணர்கள் 15 பேரிடம் 80 புண்களின் படங்களைக் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் சரியாகச் சொன்னது மூன்றில் இரண்டு பங்குதான். இப்போது கணினிக்குப் படங்களைக் காட்டிப் பழக்கி இதையே சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள், நம் பக்கத்து நோயாளிகளின் படங்களும் அதில் இருக்கின்றன, நிபுணர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொல்கிறது. ஆனாலும் நம் கையில் இருக்கும் உறுதியான வழி சுரண்டிப் பார்ப்பதுதான். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்திலும் அடியிலும் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. சில நிமிடத்தில் நுண்ணோக்கியில் கிளை பிரிந்த நூல் மாதிரி பூஞ்சை இழை தெரியும். அதிலும் ஏமாற இடம் உண்டு. பித்தியம் என்று ஒரு கிருமி பூஞ்சை மாதிரியே இழை விடும், ஆனால் பூஞ்சை இல்லை, பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாது. வாரக்கணக்கில் மருந்து போட்டும் புண் பெருகினால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

நேட்டமைசினைக் குலுக்காமல் விடுவது

நேட்டமைசின் பூஞ்சைக்கான சொட்டு மருந்து, பால் மாதிரி இருக்கும். ஓர் இரவு வைத்தால் மருந்தெல்லாம் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். குலுக்காமல் விட்டால் கண்ணுக்குப் போவது அந்த நீர்தான். வீட்டில் யார் மருந்து விடப் போகிறார்களோ அவர்கள் கையில் பாட்டிலைக் கொடுத்து, உங்கள் முன்னால் ஒரு தடவை குலுக்கச் சொல்லுங்கள். மணிக்கொரு தடவை என்றால் மணிக்கொரு தடவைதான், ராத்திரி எத்தனை மணி வரை என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பழைய மருந்துதானே, விலை கூடின புது மருந்து கேட்கலாமே என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்தில் 323 பேரிடம் நேட்டமைசினையும் வோரிகோனசோல் என்ற புது மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நேட்டமைசின்தான் மேல், அதிலும் வயல்காட்டில் அதிகம் வரும் பியூசேரியம் பூஞ்சைக்கு நன்றாகவே மேல். நம் ஊர் ஆட்களின் கண்ணில் இருந்து உலகத்துக்குக் கிடைத்த பதில் இது, தைரியமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கண்ணைக் கட்டிப் போடுவது

கட்டாதீர்கள்.

நாக்கால் உமி எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது

இதையெல்லாம் செய்தார்களா என்று திட்டாமல் கேளுங்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்"

நேபாளத்தில் பக்தபூரில் ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களை வைத்து ஒரு வேலை செய்தார்கள், 2001-ல் வெளிவந்தது. கருவிழியில் கீறல் விழுந்த 442 பேருக்கு மூன்று நாள், தினம் மூன்று வேளை குளோராம்பெனிகால் களிம்பு. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் தாண்டி வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. பிறகு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதைச் செய்து பார்த்து, கீறலாக இருக்கும்போதே வந்துவிட்டால் கூடவே பூஞ்சைக் களிம்பு போடத் தேவையில்லை, அந்த ஆன்டிபயாட்டிக் களிம்பே போதும் என்று கண்டார்கள். காலை பத்து மணிக்குக் களத்தில் உமி விழுந்தால் மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு அந்த 18 மணி நேரம் முடிகிறது. அன்றைக்கே வந்தால்தான் உண்டு. ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தால் கீறல் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும், ஐந்து நிமிட வேலை.

போன வாரம் வந்தவருக்கு நாலாவது நாள் ஆகியிருந்தது. நான் எழுந்து போய், "கடையில வாங்கின சொட்டு மருந்து கையில இருக்காய்யா?" என்றேன். மஞ்சப்பைக்குள் கைவிட்டு எடுத்தார். டெக்சாமெத்தசோன். பயிற்சிப் பெண் 'மருந்து இல்லை' என்பதை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினாள், அடுத்த பஸ்ஸில் அவரை மதுரைக்கு அனுப்பினோம். சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இழை இருந்தது. மணிக்கொரு தடவை நேட்டமைசின் போகிறது. நேற்று வந்தபோது அவர் மகளைப் பாட்டிலைக் குலுக்கிக் காட்டச் சொன்னாள் அந்தப் பெண். புண் இன்னும் ஆறவில்லை, ஆனால் பெருகவும் இல்லை. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம்.