செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டரை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஹோம் தியேட்டரை மேம்படுத்த நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, 5.1 போதுமா, 7.1 வேண்டுமா, ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர்களில் எது நல்லது என்பதைத்தான். (5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் பெட்டி ஒன்றும்.) எந்த அறையில் வைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. டிவி ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கேயே புதிய பெட்டிகளும் வந்து இறங்கிவிடுகின்றன. ஆனால் இந்த ஊர்களின் பெரிய வீடுகளில் ஒலியின் தரத்தைப் பெரும்பகுதி தீர்மானிப்பது அறைதான். செலவு வரிசையில் அறையைக் கடைசிக்குத் தள்ளுவதிலிருந்தே மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

வெயிலைத் தாங்கவும் விசேஷங்களை நடத்தவும் கட்டப்பட்ட வீடுகள் இவை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி ஓடு பதித்த தரை ஆகிய அனைத்தும் உடலுக்குக் குளுமை தருபவை. ஒலியையோ அவை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசுவது யாருக்கும் புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அறையின் கொள்ளளவுக்கும் அதிலுள்ள பரப்புகள் ஒலியை உறிஞ்சும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். அந்தச் சூத்திரத்தை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் கொண்ட காலி அறையில் சுவரும் தரையும் கூரையும் சராசரியாக 3 சதவீத ஒலியையே உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், கதவு சன்னல்களை அடைத்த நிலையில், ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு, அதாவது ஏறக்குறைய அடங்கிப்போவதற்கு, 4 விநாடிக்கும் மேல் ஆகும். சோபாவும் அலமாரியும் ஆட்களும் வந்த பிறகு இது குறையும் என்றாலும், வீட்டுத் திரையரங்குக்கு ஏற்ற அரை விநாடியை எட்டுவதில்லை.

இதன் விளைவு எல்லோருக்கும் பழக்கமானது: சண்டைக் காட்சி காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் புரியவில்லை. உடனே ஒலியளவைக் கூட்டுகிறார்கள், அல்லது வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டரைப் பெரிதாக வாங்குகிறார்கள். ஒலியளவைக் கூட்டினால் வசனத்தோடு எதிர்முழக்கமும் அதே விகிதத்தில் கூடுவதால் தெளிவில் மாற்றமே இராது. வாங்குவதற்கு முன்பு அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த ஓசை படபடவென்று அடித்துக்கொண்டு ஓடினால், அந்த அறைக்கு முதலில் தேவைப்படுவது ஸ்பீக்கர் அன்று.

வீட்டின் நடுமுற்றமான வளவில் திரை கட்டி எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கலாம் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியதே; திருவிழாவுக்கு ஊரே கூடும்போது ஓரிரவு அப்படிப் பார்ப்பதில் தவறும் இல்லை. நிரந்தர அமைப்புக்கு அது ஏற்ற இடமன்று. மேலே திறந்த வானம் இருப்பதால் தாழ்ந்த அதிர்வொலி தங்காமல் போய்விடுகிறது, தூண்களிலும் சுற்றுச் சுவர்களிலும் பட்டு வரும் உயர்ந்த ஒலி மட்டும் எஞ்சுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் தகடு போட்ட வளவுகளில், மழை வந்தால் படமே கேட்காது. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றையோ மாடி அறையையோ எடுத்துக்கொள்வது நல்லது. சீர் சாமான், பீரோ, மெத்தை என்று அடைந்து கிடக்கும் அறையை முழுதாகக் காலி செய்துவிட்டு ஸ்பீக்கர் வைப்பதும் ஒரு தவறுதான். மெத்தைகள் ஒலியை உறிஞ்சுகின்றன, ஒழுங்கற்ற பொருள்கள் அதைச் சிதறடிக்கின்றன. இரண்டும் நமக்கு வேண்டியவையே. நீளமும் அகலமும் சமமாக உள்ள சதுர அறை மட்டும் வேண்டாம். ஒரே அதிர்வெண் இரு திசையிலும் சேர்ந்து வீங்கும்.

அறையை அடக்குவதற்கு ஊரில் சொல்லப்படும் வழிகளில் பாதி பயனற்றவை. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது அவற்றுள் முதன்மையானது. முட்டை இந்தச் சுவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, இனி அதனால் ஆவதொன்றுமில்லை. தெர்மாகோல் தகடும் அப்படியே. கோரைப்பாயும் மெல்லிய ஜமக்காளமும் உச்ச ஒலியைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, வசனத்தின் உடலாக உள்ள நடுத்தர ஒலியைத் தொடுவதில்லை. சுவரகலத்தைப் போல இரு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட கனத்த திரை, தரையில் தடித்த கம்பளம், 4 அங்குல ராக்வூலை (பாறையிலிருந்து செய்த பஞ்சு போன்ற இழைத் தகடு) மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்திச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி நிறுத்திய பலகைகள் ஆகியவையே பலன் தருபவை.

பலகையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரைப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. சில வீடுகளில் இதற்கு ஆளே தேவைப்படாது. பக்கச் சுவரில் நூறாண்டாகத் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியில் இடப்பக்க ஸ்பீக்கர் முழுதாகத் தெரிந்துகொண்டிருக்கும். கண்ணாடியை இறக்க மனம் வராதவர்கள், படம் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் அதன் முன்னால் ஒரு பலகையை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கரோ பலகையோ எதை மாட்டுவதற்கும் பழைய பூச்சில் துளை போடாதீர்கள். டிரில் பட்டதும் அந்தப் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து வரும். சிமென்ட் பட்டி பூசி மறைத்தால் அந்த இடம் காலத்துக்கும் தேமல் போலத் தெரியும். அதே பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது. தவிரவும், பெரும்பாலான பெரிய வீடுகள் பங்கு வீடுகள். பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுவரைத் தொட்டால், வரும் ஓசை ஸ்பீக்கரிலிருந்து வராது. தரையில் நிற்கும் ஸ்டாண்டுகளே போதும். அவற்றின் அடியிலுள்ள கூர்முனைகள் ஆத்தங்குடி ஓட்டின் நிறப்பரப்பைக் கீறிவிடும் என்பதால், ரப்பர் பாதங்களை மாட்டிக்கொள்வது அவசியம்.

கூரையின் உயரம் இன்னொரு கண்ணியை வைக்கிறது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் என்று சொல்லி, முன் ஸ்பீக்கரின் தலைமேல் வைக்கும், மேல்நோக்கி ஒலிக்கும் சிறு பெட்டிகளை விற்கிறார்கள். அவற்றின் ஒலி கூரையில் பட்டுத் திரும்பி நம்மீது இறங்க வேண்டும். அதற்குச் சமதளமான கூரையும், 7.5 அடி முதல் 12 அடி வரையிலான உயரமும் தேவை. மிஞ்சிப்போனால் 14 அடி வரை போகலாம் என்பதே டால்பியின் பரிந்துரை. உத்திரமும் கட்டையும் குறுக்கிடுகிற, அதைவிட உயர்ந்த கூரையின் கீழ் அந்தப் பெட்டிகள் அலங்காரமாகத்தான் நிற்கும். காரைக்குடியின் புதிய பகுதிகளில் 10 அடி கான்கிரீட் தளத்தின் கீழ் வசிப்பவர்களுக்கு அட்மாஸ் நன்றாகவே அமையும். பழைய வீட்டுக்காரர்கள் உயர ஸ்பீக்கருக்கு வைத்திருக்கும் பணத்தை அறைக்கும், முன்னால் நிற்கும் மூன்று ஸ்பீக்கர்களுக்கும் செலவிட்டு, 5.1-ஐயே ஒழுங்காக அமைத்துக்கொள்வது மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஒழுங்காக அமைப்பது என்பதில் கோணங்களும் அடக்கம். உட்காருபவரின் மூக்குக்கு நேரே சென்டர், அதற்கு இருபுறமும் சுமார் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள், 110 பாகையை ஒட்டிச் சற்றே பின்னால், சுற்றுப்புற ஒலி தரும் சரவுண்டு ஸ்பீக்கர்கள். இடம் அடைகிறது என்று சரவுண்டு இரண்டையும் டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவதும், அலமாரியின் உச்சியில் ஏற்றி வைப்பதும், சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதும் அன்றாடம் காணும் தவறுகள். சோபாவை ஒரு முழமாவது முன்னால் இழுத்துப் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

சப்வூஃபர் விஷயத்தில் மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுவதே வழக்கம். மூலையில் அதன் ஒலி அதிகரிக்கும், ஆனால் சீராக இராது. மேலே சொன்ன 6 மீட்டர் அறையில் நீளவாக்கில் மட்டும் 28 ஹெர்ட்ஸ் அருகில் ஓர் ஒத்ததிர்வு உண்டு, 5 மீட்டர் அகலத்தில் 34 ஹெர்ட்ஸ் அருகில் இன்னொன்று. அந்தச் சுருதிகள் வரும்போது ஓரிடத்தில் குமுறும், இரண்டடி தள்ளி அடங்கிவிடும். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் தற்காலிகமாக வைத்து இயக்கிவிட்டு, அறையின் ஓரங்களில் தரையோடு குனிந்து நகர்ந்து கேட்டு, எங்கே சீராக ஒலிக்கிறதோ அங்கே அதை மாற்றி வைப்பதுதான் பழைய, நம்பகமான முறை. ஸ்பீக்கர்களிடமிருந்து தாழ்ந்த ஒலியை வாங்கிக்கொள்ளும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.

சப்வூஃபர் மாற்றியதும் சிலர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கிர்ரென்ற ஓசை பெட்டியிலிருந்து வருவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் சுவரில் சாய்வாகத் தொங்கும் ஐயா, ஆச்சி படங்களின் கண்ணாடிச் சட்டங்களிலிருந்தோ, பரணில் அடுக்கிய எவர்சில்வர் தூக்குகளிலிருந்தோ, கொண்டி தளர்ந்த சன்னல் கதவிலிருந்தோ வருகிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, எது நடுங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். படத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் ஃபெல்ட் துண்டு ஒட்டினாலே போதும்.

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணை நம்பி வாங்குவது பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பி.எம்.பி.ஓ. என்று கண நேர உச்சத்தைக் காட்டி ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது பொருளற்றது, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவையே பார்க்க வேண்டும். அதிலும் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபெல்தான். 87 டெசிபெல் உணர்திறன் (ஒரே அளவு மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்தால் அதே பலன் ரிசீவரை மாற்றாமலேயே கிடைக்கும். ஒரே பெட்டியாக வாங்கிய பழைய ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்களைப் புதிய ரிசீவரில் இணைப்பவர்கள் பின்புறத்தில் உள்ள ஓம் அளவை, அதாவது மின்தடையைக், கட்டாயம் படிக்க வேண்டும். அவற்றுள் பல 3 அல்லது 4 ஓம். 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று குறித்துள்ள ரிசீவர் அவற்றால் சூடேறி அணைந்துவிடலாம்.

ஒயரில் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். தாமிரம் பூசிய அலுமினிய ஒயர் தாமிர ஒயரைப் போலவே தோன்றும், கடத்துதிறனில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். பெரிய அறையில் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனால் சரவுண்டுக்கு 15 மீட்டர் எளிதில் ஆகிவிடுகிறது. போக வர 30 மீட்டரில் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரின் தடை ஏறக்குறைய 0.34 ஓம், 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது கூடுதல். 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்தால் 0.2 ஓமில் அடங்கும். டிவியிலிருந்து ரிசீவருக்குப் பழைய ஆப்டிகல் ஒயரையே தொடர்ந்து வைத்திருந்தால் அட்மாஸ் வராது. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) உள்ள எச்.டி.எம்.ஐ. வழியாக ஓடிடி படங்களின் அட்மாஸ் வரும். டிவி வழியே ப்ளூ-ரே தட்டின் தரம் இழக்காமல் சுருக்கிய ஒலி வேண்டுமானால் டிவியும் ரிசீவரும் இரண்டுமே அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏ.ஆர்.சி. கொண்டவையாக இருக்க வேண்டும். டிவியின் ஒலி அமைப்பு, அட்மாஸைக் கடத்தாத பி.சி.எம். என்பதிலேயே நின்றுவிட்டதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ரிசீவருடன் வரும் மைக்கை வைத்து அளவெடுக்கும்போது அதைச் சோபாவின் முதுகில் படுக்க வைக்காமல், காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசிறியையும் ஏ.சி.யையும் அணைத்துவிட வேண்டும். திரையையும் பலகையையும் வைத்து முடித்த பிறகே அளக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக மின்சாரம். மரப்பட்டையில் ஓடும் பழைய ஒயரிங்கில் எர்த் இணைப்பு இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு ரிசீவரைச் செருகுவது ஆபத்து. எலக்ட்ரீசியனை அழைத்து அந்த ஓர் அறைக்காவது தனி லைனும் எர்த்தும் இழுத்துக்கொள்ளுங்கள். உம்மென்ற இரைச்சல் விடாமல் கேட்டால், முதலில் கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதோடு நின்றுவிட்டால் கோளாறு ரிசீவரில் இல்லை. சுவர் அலமாரிக்குள் ரிசீவரை வைத்துக் கதவைச் சாத்துவது சித்திரை வெயிலில் அதை வேகவைப்பதற்குச் சமம். மேலேயும் பக்கங்களிலும் நாலு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். விசேஷம் முடிந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்புகிறவர்கள் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல் பிளக்கையும் டிஷ் ஒயரையும் பிடுங்கி வைக்க வேண்டும். இடி அந்த ஒயர் வழியாகவும் வரும். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒரு முறை இணைத்து ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லலாம்.