கெஞ்சல் கடிதமா, உரிமைக் கோரிக்கையா? கொழும்பில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"எங்கள் பரிதாப நிலையைக் கருத்திற்கொண்டு, தயவுகூர்ந்து ஏதாவது உதவி செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் தோட்டம் என்று சொல்லப்படும் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பணிவில் பிழையில்லை. ஆனால் முடிவெடுத்தது யார், எந்தத் திகதியில், இப்போது கேட்பது என்ன என்ற மூன்றும் இதில் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்கு "முடியாது" என்று பதில் எழுதும் தேவைகூட ஒரு அதிகாரிக்கு வராது.

வறுமையை மனித உரிமை விடயமாகப் பார்த்தால் முதலில் மாற வேண்டியது இந்த வசனம்தான். உணவு, உடை, வீடு, மருத்துவம் எல்லாவற்றையும் 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனம், 25ஆம் உறுப்புரையில், உரிமை என்றே சொல்கிறது. பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய 1966ஆம் ஆண்டின் சர்வதேசச் சமவாயத்தில் இலங்கை 1980இல் சேர்ந்தது. ஆகவே கொடுப்பவர் கொடையாளி அல்ல, கடமைப்பட்டவர். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும மறுக்கப்பட்டால், கடமைப்பட்டவரிடம் இப்படி எழுதலாம்: "எனது அஸ்வெசும விண்ணப்பம் இன்ன திகதியில் நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு அளவுகோலிலும் எத்தனை புள்ளி வழங்கப்பட்டது என்பதை எழுத்தில் தரவும். வீட்டின் நிலை பற்றிய பதிவு பிழையானது, படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

அஸ்வெசும தேர்வு கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் புள்ளி போட்டு நடக்கிறது. "நாங்கள் ஏழைகள்" என்று இரண்டு பக்கம் எழுதினாலும் புள்ளி மாறாது. எந்தத் துறையில் தகவல் பிழையாகப் பதிவாகியிருக்கிறதோ அதைத் தொட வேண்டும். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருக்கும் தோட்டத்து வீடுகளில் கரண்ட் பில்லில் வரும் அலகு ஒரு குடும்பத்தின் பாவனை அல்ல. அதைச் சொல்லாமல் பில்லை மட்டும் இணைப்பது தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்வது. இன்னொன்று: தனக்குக் கிடைக்காததற்குச் செய்வது மேன்முறையீடு. தகுதியில்லாத ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது என்பது ஆட்சேபனை. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பற்றி மேன்முறையீட்டில் எழுதுவதால் உங்கள் கோப்பு நகராது.

சிலர் எதிர்ப்பக்கம் போய், சமவாயத்தை மேற்கோள் காட்டி நேரே நீதிமன்றம் போகலாம் என்று நம்புகிறார்கள். போதுமான உணவு, உடை, வீடு என்ற சொற்கள் நம் அரசியலமைப்பில் உண்டு, 27ஆம் உறுப்புரையில். ஆனால் அந்த அத்தியாயத்தை வைத்து வழக்குத் தொடுக்க முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது. திறந்திருக்கும் கதவு 12ஆம் உறுப்புரை, அதாவது சட்டத்தின் முன் சமத்துவம். "எனக்கு வீடு இல்லை" என்பதைவிட "என்னைப் போன்ற நிலையில் உள்ளவருக்குத் தந்ததை எனக்குக் காரணமின்றி மறுத்தார்கள்" என்பது நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வாதம்.

தமிழ்நாட்டுக் கட்டுரைகளைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கே இன்னும் வழுக்குகிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகளின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வாழ்வாதாரத்தை உயிர்வாழும் உரிமையின் பகுதியாக ஏற்றது உண்மை. அது இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் நிற்கிறது. நம் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை தனி உறுப்புரையாக எழுதப்படவில்லை. நீதிமன்றத்தின் பெயரே குழப்பும்: அங்கே உச்ச நீதிமன்றம் என்பது இங்கே உயர் நீதிமன்றம்; அங்கே உயர் நீதிமன்றம் என்பது இங்கே மேல் நீதிமன்றம்.

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு நாட்கணக்கு. அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணத்தைக் கேட்போம், பிறகு பார்ப்போம்" என்று பலர் காத்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் தருகிறது. சனி, ஞாயிறு, போயா கழித்தால் ஏறக்குறைய மூன்று வாரம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். மாதம் எப்போதோ போய்விடும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இதைப் பாதி கேட்டுவிட்டு, முறைப்பாட்டு இலக்கம் கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விசாரணை நடக்கிறது என்பதற்கான கடிதம் அல்லது அழைப்பாணை கையில் இல்லாவிட்டால், காலம் கடந்துவிட்டது என்ற ஆட்சேபனை வரும். ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. அதில் பேசியதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்க வேண்டும்.

கொம்பனித்தெரு, வனாத்தமுல்லை போன்ற இடங்களில் தொடர்மாடிக்கு மாறச் சொல்லிக் கடிதம் வந்தால், "அரச காணிதானே, நமக்கு என்ன உரிமை" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வைப்பது அடுத்த தவறு. காணி உறுதி இல்லாதவருக்கும் பலவந்த வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்பது, மேலே சொன்ன 1966ஆம் ஆண்டுச் சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1997இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்து. உண்மையான கலந்தாலோசனை, போதிய முன்னறிவித்தல், வெளியேற்றும்போது அதிகாரிகள் நேரில் நிற்பது, அவர்கள் யாரென்று அடையாளம் காட்டுவது, இரவிலும் மோசமான காலநிலையிலும் வெளியேற்றாமை எல்லாம் அதில் இருக்கின்றன. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: வீட்டின் சதுர அடி, மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை, மாதத் தவணை, உறுதி எப்போது, யார் பெயரில். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டையும் கணக்கெடுப்பிலேயே எழுதிக்கொள்ள வைக்க வேண்டும். பிறகு சேர்ப்பது மலையைக் கெல்லும் வேலை.

எண்களை எழுதுவோருக்கு ஒரு சொல். 2019இல் இலங்கையின் வறுமை 14.3 வீதம் என்பது தேசிய வறுமைக் கோட்டின்படி. 2022இல் 25 வீதம் என்பது நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற கோட்டை வைத்து உலக வங்கி செய்த மதிப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து "இவ்வளவு ஏறியது" என்று எழுதினால், கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே வாதம் சரியும்.

கடைசியாக மொழி. சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று தட்டச்சுக் கடையில் எழுதி வாங்கி, வாசிக்கத் தெரியாத கடிதத்தில் ஒப்பமிடுகிறார்கள். வருமானம் என்ற இடத்தில் என்ன தொகை இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உண்டு. அவசரம் என்றால் சிங்கள மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைக்கலாம். ஒப்பம் மட்டும் தமிழ்ப் பிரதியில் இருக்கட்டும்.