கல்யாணச் சாமான்களை வட ஆற்காட்டுக்குள்ளேயே வாங்குவது எப்படி

எங்கள் உறவில் யார் வீட்டில் கல்யாணம் வைத்தாலும் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்துவிடும். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் என்பதால், அத்தை காசை வீணாக்க மாட்டாள் என்று நம்பிக்கை. நான் வீணாக்குவதில்லைதான். ஆனால் யாரிடம் போகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் விடுவதில்லை. சாதாரணக் குடும்பம்கூட ஆயுளில் ஒரே சமயத்தில் அள்ளிச் செலவழிப்பது கல்யாணத்துக்குத்தான். அந்தப் பணம் ஆரணித் தறிக்காரருக்கும், வேலூர்ப் பக்கத்து அணைக்கட்டு என்ற ஊர் விவசாயிக்கும் போகலாம். பெயர் தெரியாத கிடங்குகளுக்கும் போகலாம். பட்டியல் எழுதும்போதே அது முடிவாகிவிடுகிறது.

நான் சொல்லும் வட ஆற்காடு பழைய கணக்கு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது; 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. கலெக்டர் அலுவலகங்கள் கூடினவே தவிர, ஆரணிச் சேலையும் ஆற்காட்டு அரிசியும் எனக்கு இன்னும் ஒரே மாவட்டத்துச் சரக்குதான்.

எல்லாவற்றுக்கும் முதலில் நாள்காட்டியை எடுங்கள். உள்ளூர்க்காரரிடம் வாங்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் அலைபவர்களுக்குப் பெரிய கடைகளைத் தவிர வேறு வழி இருக்காது. அங்கேதான் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். முகூர்த்தம் குறித்த அன்றே சேலைக்குச் சொல்லிவிடுங்கள். அரிசிக்கு இரண்டு மாதம், பைகளுக்கு ஒரு மாதம், காய்கறிக்குப் பத்து நாள் போதும்.

சேலை

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிபுரத்துச் சேலையைவிடப் பொதுவாக எடை குறைவு, விலையும் குறைவு. முகூர்த்தச் சேலைக்குக் காஞ்சிபுரம்தான் வேண்டும் என்று பெண் வீட்டார் நின்றால் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் நிச்சயதார்த்தம், வரவேற்பு, நாத்தனாருக்கும் சம்பந்திக்கும் எடுப்பது என்று மற்ற சேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவை முழுவதும் ஆரணிக்குப் போகலாம்.

அந்தச் சேலையிலும் எல்லாம் உள்ளூர் இல்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆரணிக்கு உரியது நெசவாளரின் உழைப்பு. பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்பவர் ஒருவர், சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி நெய்பவர் இன்னொருவர். நாம் விலையை அடித்துக் குறைத்தால் நூல் விலை குறையாது, சூரத்துக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். குறையக்கூடியது நெய்தவரின் கூலி ஒன்றுதான். அதனால் சேலைக் கடையில் பேரம் பேசாதீர்கள் என்று சொல்கிறேன். விலை கட்டுப்படவில்லை என்றால் ஜரிகை குறைந்த சேலையைக் கேளுங்கள்.

கூடுமானால் நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் எடுங்கள், இல்லையென்றால் கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது, சங்கங்களின் சரக்கைத்தான் விற்கிறது. தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே எடுத்து வைப்பது கணக்குத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. அந்தத் தள்ளுபடி நெசவாளர் கூலியைக் கடித்துக் கொடுக்கப்படுவதில்லை, அரசு மானியம் இருக்கிறது.

தனியார் கடையில் எடுத்தால் இரண்டு முத்திரைகளைக் கேளுங்கள். சில்க் மார்க் என்பது பட்டு அசல் என்று சொல்கிறது. கைத்தறி முத்திரை என்பது கையால் நெய்தது என்று சொல்கிறது. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருப்பதாக அர்த்தம் இல்லை. விசைத்தறியில் ஓட்டிய அசல் பட்டும் உண்டு. சந்தேகம் தீரவில்லையா? முந்தானை ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். அசல் பட்டு தலைமயிர் கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

துண்டு, லுங்கி, பாய்

மேடையில் பெரியவர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடையைப் பற்றி எனக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். வியர்வையை உறிஞ்சாத, துவைக்க முடியாத, பீரோவின் அடித்தட்டுக்கு நேராகப் போகிற பாலியஸ்டர் துணி அது. அதற்குப் பதில் கைத்தறிப் பருத்தித் துண்டு போர்த்துங்கள். மறுநாள் காலையிலேயே அவர் தலை துவட்டுவார்.

பந்தி பரிமாறுபவர்கள், சமையல் கட்டில் நிற்பவர்கள், பந்தல் போட்டவர்களுக்குக் குடியாத்தம் கைத்தறி லுங்கி கொடுக்கலாம். வெளிநாடுகள்வரை போய்ப் பெயர் வாங்கிய லுங்கி அது. உள்ளூரில் கேட்பார் குறைந்துவிட்டார்கள். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி என்று சில துணிகளின் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, கடையில் விசைத்தறித் துணியும் இருக்கிறது. கேட்டு வாங்குவது நம் வேலை.

சம்பந்தி வீட்டார் தங்க, வந்தவாசிக் கோரைப் பாய் நாலைந்து வாங்கிப் போடுங்கள். வாடகை மெத்தையைவிடச் சுத்தம். பிறகு வீட்டிலேயே இருக்கும்.

சமையல்

இதில்தான் நம் மாவட்டத்துக்குக் கொடுப்பினை அதிகம்.

கத்தரிக்காய் என்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பிறகு, முள்ளே இல்லாத காயையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். காம்பின் மேல்தொப்பியைத் தடவிப் பாருங்கள், விரலில் குத்த வேண்டும். அடுத்து, பளபளப்புக்கு மயங்க வேண்டாம். ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லாத கூடையைக் கண்டால் எனக்குப் பயம்; எத்தனை முறை மருந்து அடித்திருப்பார்களோ. அணைக்கட்டுப் பக்கம் விவசாயியிடமே நேராகப் பேசி, "கடைசி மருந்து எப்போது அடித்தீர்கள் அண்ணா?" என்று கேட்டுவிடுவது உத்தமம். கல்யாணத்துக்கு என்று பத்து நாள் முன்னால் சொல்லி, முன்பணமும் கொடுத்தால், இடைவெளி விட்டுப் பறித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மற்றக் காய்களுக்கு உழவர் சந்தை. வேலூரில் டோல்கேட், காகிதப்பட்டறை, பாலாற்றைத் தாண்டினால் காட்பாடி. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் விற்பதற்கு. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். எழுதிய விலைக்குக் கீழே கேட்பது அநாகரிகம், அதுவும் கடை கட்டும் நேரத்தில் கேட்பது. பெரிய அளவு வேண்டுமானால் முந்தைய வாரமே போய் நாலைந்து பேரிடம் பிரித்துச் சொல்லுங்கள். ஒருவரிடமே மொத்தத்தையும் சொன்னால், தன் நிலத்தில் இல்லாததை அவர் வேலூர் நேதாஜி மார்க்கெட் வியாபாரிகளிடம் வாங்கித்தான் கொண்டுவருவார்.

அரிசியில் ஆற்காடு கிச்சிலிச் சம்பாவை நம் ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். மெலிந்த, வெள்ளையான அரிசி. சாப்பாட்டுக்கு அழகாக உதிரும். பாரம்பரிய நெல் போடும் விவசாயிகள் இதை இன்னும் பயிரிடுகிறார்கள். அறுவடையான புதிது வேண்டாம், குழைந்துவிடும். பழைய அரிசி என்று அழுத்திச் சொல்லுங்கள். பிரியாணி உண்டென்றால் ஆம்பூர் முறைக்குச் சீரகச் சம்பாதான். பாஸ்மதி கேட்கும் சமையல்காரரை மாற்றுங்கள்.

காலைப் பலகாரத்துக்கு ஜவ்வாது மலைச் சாமையில் பொங்கல் வையுங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைவாழ் மக்கள் மானாவாரியாக விளைவிப்பது. சாமை விளைவித்தவருக்கு வருமானம் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், உமி நீக்கும் வேலையும் அதன் லாபமும் கீழே சமவெளிக்குப் போய்விடுவது. மலையிலேயே தீட்டி விற்கும் மகளிர் குழுக்களிடம் வாங்கினால் அந்தக் காசும் மேலேயே தங்கும். மலைத்தேன் என்று சாலை ஓரத்தில் பாட்டிலில் விற்பதை மட்டும் நான் வாங்குவதில்லை.

வெல்லத்துக்கு வேலூர் மண்டித் தெரு. இங்கே உள்ளூர்ச் சரக்கு என்ற ஒரே காரணத்துக்காக ஏமாறாதீர்கள். எலுமிச்சை மஞ்சளில் மினுக்கும் வெல்லம் ஹைட்ராஸ் என்ற வெளுப்பு மருந்தைப் போட்டு வெளுத்தது. கரும் பழுப்பு வெல்லத்தைக் கேளுங்கள். "அதை யாரும் கேட்பதில்லை அம்மா, அதனால் வைப்பதில்லை" என்று மண்டிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். காய்ச்சுபவர் தன் ஆசைக்கு மருந்து போடவில்லை. நம் கண்ணுக்காகப் போடுகிறார். ஒரு மூட்டை மொத்தமாகக் கேட்கும் கல்யாணக்காரர்கள் நாலு பேர் பழுப்பு வெல்லம் வேண்டும் என்றால் மண்டியில் அது தானாக வந்து நிற்கும்.

இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா. ஆற்காட்டிலேயே சொல்லி வையுங்கள். சர்க்கரைப் பாகில் ஊறுவது என்பதால் ஒரு முறை எறியும் டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். வீட்டு எவர்சில்வர் தூக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் குப்பையும் இல்லை.

செருப்பு, ஷூ

தோல் விஷயத்தில் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல்தான் பிழைப்பு. ஷூ கம்பெனி பஸ்களில் விடியற்காலையில் ஏறிப் போகிற பெண்களை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டமாக்கியது. அதன் பிறகும் ஆறு சரியாகிவிடவில்லை.

ஆகவே என் வழி: மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு ஜோடி, ஆம்பூரில் தைத்தது, அடிப்பகுதியைக் கழற்றித் திரும்பத் தைக்கக்கூடியதாக. அட்டையும் பசையும் ஒட்டி, மூன்று மாதத்தில் வாய் பிளக்கும் மலிவு ஷூ நாலு ஜோடி வேண்டாம். தேய்ந்தால் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பதும் பழுது பார்ப்பதும்தான் வாங்குபவர் கையில் இருக்கிறது. ஆலைக் கழிவைச் சுத்திகரிக்க வைப்பது அரசின் கையில்.

தாம்பூலப் பை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதற்குப் பதில் மண்டபங்களில் இப்போது தருவது பெரும்பாலும் துணி மாதிரித் தெரியும் இன்னொரு பிளாஸ்டிக். அதுவும் தடைப் பட்டியலில் இருப்பதுதான். பருத்தி மஞ்சப்பையை மகளிர் சுய உதவிக் குழுவிடம் தைக்கச் சொல்லுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் தையல் குழு எது என்று சொல்வார்கள். துணியை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்கள் முதல் போட வேண்டியதில்லை. பையில் மணமக்கள் படத்தை மட்டும் அச்சடிக்காதீர்கள். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளை முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் மார்க்கெட்டுக்குப் போவதில்லை. இரண்டு பெயர்கள் சின்னதாகப் போதும்.

பணம்

நல்ல எண்ணத்தோடு உள்ளூரில் வாங்கிவிட்டு, மொய்க் கவர் எண்ணி முடிந்ததும் தருகிறேன் என்று இழுத்தடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய கடையில் அட்டையைத் தேய்த்து அன்றே கொடுக்கிறோம். காய்கறி கொடுத்தவரிடமும் தையல் பெண்களிடமும் மட்டும் ஏன் கடன்? சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. கல்யாண வீட்டின்மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, அடுத்த முறை சரக்கு தர மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. விளைவிக்கவோ தைக்கவோ வேண்டிய சரக்குக்குப் பாதி முன்பணம், மீதி சரக்கு வந்த அன்றே. அரிசி, வெல்லம் போலத் தயாராக இருப்பவற்றுக்குக் கைமேல் முழுப்பணம். ரசீது இல்லாதவரிடம் ஒரு நோட்டில் தேதி, எடை, தொகை எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன். சேலைக்கும் சமையலுக்கும் ஒதுக்கிய பணத்தை முகூர்த்தத்துக்கு முன்பே தனிக் கணக்கில் போட்டுவிட்டால், பந்தல் செலவு வந்து அதைத் தின்னாது.

மொத்தச் செலவு கூடுமா என்று கேட்கிறார்கள். சேலையில் பெரும்பாலும் மிச்சம். காயில் அநேகமாகச் சமம். அரிசியிலும் பையிலும் கட்டாயம் கூடும். அந்தக் கூடுதலுக்கு இலையில் மூன்றாவது இனிப்பை வெட்டிவிடுங்கள். எப்படியும் அது பாதி இலைகளில் மிச்சமாகத்தான் கிடக்கிறது.

கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு வேலை பாக்கி உண்டு. யாரிடம் எதை என்ன விலைக்கு வாங்கினீர்கள், சொன்ன நாளில் கொடுத்தாரா, மறுபடி வாங்கலாமா என்று அதே நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்து கல்யாணம் வைத்திருக்கும் சித்தியோ மாமியோ கேட்டால், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம். சரியில்லாதவர்கள் பெயரையும் விடாமல் எழுதுங்கள், எந்த ஊர்க்காரரானாலும்.