வீட்டு முயல் குண்டாகிவிட்டால்: பட்டினி போடாமல் இளைக்க வைக்கும் வழி

எங்கள் மல்லிக்குப் பின்பக்கத்தில் எப்போதும் ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தது. கழுவிவிட்டால் மறுநாள் மறுபடி ஒட்டும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துத்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மருந்து எழுதவில்லை, முதலில் தராசில் வைத்தார். 2 கிலோ 800 கிராம். இவள் உடல்வாகுக்கு 2 கிலோ 200 இருந்தால் போதும் என்றார். 600 கிராம்தானே என்று தோன்றும், ஆனால் 60 கிலோ இருக்க வேண்டிய ஆள் 76 கிலோ இருப்பதற்குச் சமம் அது.

ஒட்டியிருந்தது வயிற்றுப்போக்கும் இல்லை. முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். நாம் தினமும் கூட்டிப் பெருக்குவது உருண்டையாக, உலர்ந்து, கொண்டைக்கடலை அளவில் இருக்கும். இன்னொன்று பளபளவென்று, மெத்தென்று, மல்பெரிப் பழம் மாதிரி கொத்தாக வரும், நாற்றமும் இருக்கும். அதை நாம் பார்ப்பதே அரிது, ஏனென்றால் முயல் குனிந்து அது வெளியே வரும்போதே நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் செய்து தரும் பி வைட்டமின்களும் புரதமும் அதற்கு இந்த வழியில்தான் கிடைக்கின்றன. குண்டான முயலால் அவ்வளவு தூரம் வளைய முடியாது. தின்னாமல் விட்டது உட்காரும்போது நசுங்கி முடியில் அப்பிக்கொள்கிறது. அதில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் குண்டு முயல் வைத்திருப்பவர்கள் தினமும் ஒரு தடவை பின்பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, எப்படிக் குறைப்பது? அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். முயலைப் பட்டினி போடாதீர்கள், ஒரு வேளைகூட. நாய்க்கு ஒரு நேரம் சோறு குறைத்தால் ஒன்றும் ஆகாது, முயலுக்கு அப்படி இல்லை. அதன் குடலில் நார் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் குடல் அசைவும் நின்று வாயு கட்டிக்கொள்ளும், முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. குண்டான முயலுக்கு இது இன்னும் மோசம். சாப்பாடு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும், அதிலிருந்து பிழைப்பது கஷ்டம். ஆகவே இங்கே நாம் செய்யப்போவது சாப்பாட்டைக் குறைப்பது இல்லை, மாற்றுவது. வயிறு எப்போதும் போல நிறையட்டும், புல்லால் நிறையட்டும்.

உங்கள் முயல் உண்மையிலேயே குண்டா என்று கையை வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம், முடி ஏமாற்றும். தரையில் உட்கார்ந்து முயலை மடிக்கு அருகில் நிறுத்திக்கொண்டு விலாவின் இரு பக்கமும் விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள், அழுத்தக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையே போதும். கையை விரித்து வைத்துக்கொண்டு விரல் கணுக்களை மேற்புறமாகத் தடவினால் தோலுக்கு அடியில் எலும்பு இருப்பது தெரிகிறதல்லவா, விலா அப்படித் தெரிந்தால் சரியான எடை. கையை இறுக்கி மூடிக்கொண்டு கணுக்களைத் தடவுகிற மாதிரி முட்டிக்கொண்டு தெரிந்தால் மெலிந்திருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதையைத் தொடுகிற மாதிரி மெத்தென்று மட்டும் இருந்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் குண்டு. முதுகெலும்பையும் இடுப்பையும் இதே போலப் பாருங்கள். பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழே ஒரு மடிப்புச் சதை தொங்கும், அது இயல்பு, அதை மட்டும் வைத்துக் குண்டு என்று முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அது பெரிதாகித் தரையில் இழுபட்டு, முயலால் தன்னை நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் போனால் கவனிக்க வேண்டும்.

அடுத்த வீட்டு முயலின் எடையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. நியூசிலாந்து வெள்ளையும் சோவியத் சின்சில்லாவும் 4 கிலோவுக்கு மேல் போகும், அது அவற்றுக்குச் சரியான எடை. நெதர்லாந்து குள்ள ரகம் ஒரு கிலோ சுற்றித்தான். நம் ஊர்க் கடைகளில் சின்ன ரகம் என்று சொல்லித் தருவதில் பெரும்பாலும் கலப்பினம்தான் வருகிறது, ஆகவே முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவர் தடவிப் பார்த்து இலக்கைச் சொல்வதே நல்லது. பக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள்.

பிறகு ஒரு சமையலறைத் தராசு. 5 கிலோ வரை காட்டுவதாக, கிராம் தெரிவதாக இருக்க வேண்டும். நாங்கள் அதன் மேல் பிளாஸ்டிக் கூடையை வைத்து, உள்ளே பழைய துண்டு ஒன்றை விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மல்லியை இறக்கிவிடுவோம். துண்டு இல்லாவிட்டால் கால் வழுக்கி மிரண்டு குதித்துவிடும். தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்கால்களைத் தாங்கி. பின்னங்கால் அந்தரத்தில் தொங்கி உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். காதைப் பிடித்துத் தூக்குவது என்ற பேச்சே கூடாது. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை தீவனத்துக்கு முன் என்று ஒரே நேரத்தில் எடை போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். வயிறு நிறைந்திருப்பதைப் பொறுத்து 30, 40 கிராம் ஏறி இறங்கும், அதற்குப் பதற வேண்டாம்.

இப்போது புல். முயல் சாப்பிடுவதில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும், தன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் தினமும். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் விலங்கு அது. அந்தப் பல் தேய்வது நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைப்பதால்தான். திமோத்தி உலர்புல் நல்லதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவது, மாதா மாதம் வாங்கினால் கையைக் கடிக்கும், விலையைப் பார்த்துப் பார்த்துச் சிக்கனமாகப் போடுவோம், அதுவே தவறு. புல் எப்போதும் தாராளமாகக் கிடக்க வேண்டும்.

நம் ஊரிலேயே புல் இருக்கிறது. அருகம்புல் முயலுக்கு அருமையான உணவு, பிள்ளையார் கோவில் வாசலில் கட்டாக விற்பார்கள், அதை மாலையாகக் கட்டுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். அதைவிட வசதியானது கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல். மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் கோ-4, கோ-5 என்பார்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் அவை. ஒரு பால்காரரிடம் சொல்லி வைத்தால் வாரம் ஒரு கட்டு தருவார். மொட்டை மாடியில் இடம் இருந்தால் அதன் தண்டில் இரண்டு கணு உள்ள கரணையை, அதாவது துண்டை, பெரிய தொட்டியில் ஊன்றிவிடுங்கள், இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை அறுத்துக்கொண்டே இருக்கலாம். உலர்த்துவதும் சுலபம். மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில், நாளுக்கு இரண்டு தடவை புரட்டிப் போடுங்கள். 5 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் ஒரு கிலோ சொச்சம் வரும். தண்டை முறுக்கினால் சட்டென்று ஒடிய வேண்டும், நிறத்தில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்க வேண்டும், முகர்ந்தால் இனிய வாசனை வர வேண்டும். முக்கிப்போன வாசனையோ சாம்பல் நிறத் தூசியோ இருந்தால் அது பூஞ்சை, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பச்சையாகக் கொடுப்பதென்றால் அன்றன்றைக்கு அறுத்தது மட்டும். குவித்து வைத்துச் சூடேறிய புல் வயிற்றை உப்ப வைக்கும். சாலையோரம் அறுத்ததும் வேண்டாம், களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், நாய் மூத்திரமும் இருக்கும்.

வைக்கோலைப் புல்லுக்குப் பதிலாக வைக்காதீர்கள், அதில் சத்து மிகக் குறைவு, கீழே விரித்துப் போடலாம், அவ்வளவுதான். இன்னொரு குழப்பம் மசால் வகைகள். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் எல்லாம் பயறு இனத் தீவனச் செடிகள். முயல் என்று பெயரிலேயே இருக்கிறதே என்று முயல்மசாலை அள்ளிப் போடுகிறார்கள். வளரும் குட்டிக்கும் சினை முயலுக்கும் சரி, ஆனால் வளர்ந்து முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும் வீட்டு முயலுக்கு அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம். முயலின் உடம்பு தேவைக்கு மேல் சுண்ணாம்பை உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் சுண்ணாம்புப் பால் மாதிரி கெட்டியாகப் போனால் இவற்றையும் முருங்கை, அகத்திக் கீரையையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை ஏறுவதற்கு எங்கள் வீட்டில் காரணம் பெல்லட், அதாவது அரைத்துச் சின்னக் குச்சிகளாக அழுத்திய கடைத் தீவனம். கடையில் தினமும் ஒரு டம்ளர் போடச் சொன்னார்கள், அளந்து பார்த்தால் 130 கிராம் இருந்தது. மூட்டையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பண்ணைத் தீவனம், இறைச்சிக்காக வளர்க்கும் முயலை மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வரை ஏற்றுவதற்காகச் செய்தது. பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வளர்ந்த வீட்டு முயலுக்கு நார் 18 சதவீதத்துக்குக் குறையாமல், புரதம் 12 முதல் 14 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சோளமும் உலர்பழமும் கலர் கலராகக் கலந்தது வேண்டவே வேண்டாம், இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். அளவு என்று பார்த்தால் இலக்கு எடையில் கிலோவுக்கு 25 கிராம்தான் உச்சம், இளைக்க வேண்டிய முயலுக்கு அதற்கும் குறைவு. டம்ளர் கணக்கை மறந்துவிட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

ஆனால் ஒரேயடியாக வெட்டாதீர்கள். முதல் வாரம் பெல்லட்டைத் தொடவே இல்லை நாங்கள், புல்லை மட்டும் அதிகப்படுத்தினோம். மல்லி அதைச் சீண்டவில்லை. புல்லைக் கழிவுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தின்னத் தொடங்கினாள், முயலுக்குப் புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லுவது பிடிக்கும். கொஞ்சம் கொத்தமல்லித் தழையைக் கசக்கிப் புல்லுக்குள் செருகியதும் உதவியது. அவள் புல் தின்பது உறுதியான பிறகுதான் வாரத்துக்கு ஒரு படியாக 110, 90, 70, 55, கடைசியில் 40 கிராமில் கொண்டுவந்து நிறுத்தினோம். ஒவ்வொரு படியிலும் புழுக்கையைப் பார்ப்போம், சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அந்த வாரம் அடுத்த படிக்குப் போக மாட்டோம். ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அது வளரட்டும்.

கீரை தினம் இரண்டு கைப்பிடி. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கித் தழை, கேரட் தழை, துளசி, செம்பருத்தி இலை, வாழை இலை எல்லாம் கொடுக்கலாம், புதிதாக ஒன்றைத் தரும்போது அதை மட்டும் கொஞ்சமாகத் தந்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பசலை, அரைக்கீரை, சிறுகீரை எப்போதாவது. முட்டைக்கோஸ் வாயு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, சாக்லேட் அறவே கூடாது.

அப்புறம் கேரட். படங்களில் முயல் கேரட்டோடுதான் வரும், உண்மையில் அது மிட்டாய் மாதிரி, கிழங்கு முழுக்கச் சர்க்கரை. வாழைப்பழமும் அப்படியே. இளைக்கும் காலத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு, வாரத்துக்கு இரண்டு தடவை, போதும். இதில் கடினமானது முயல் இல்லை, வீட்டு ஆட்கள். அம்மா டீ குடிக்கும்போது பாதி மேரி பிஸ்கட் கொடுப்பார், பையன் பொரி போடுவான், நான் கேரட் நறுக்கும்போது நுனி, ஒவ்வொருவரும் கொஞ்சம்தானே என்று நினைத்தோம். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் எது கொடுத்தாலும் எழுத வேண்டும் என்று வைத்தோம், மூன்றாம் நாளே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அம்மா இப்போது டீ நேரத்தில் ஒரு புதினாக் காம்பை நீட்டுகிறார், மல்லி அதற்கும் அதே வேகத்தில்தான் ஓடி வருகிறாள்.

கூண்டிலேயே கிடந்தால் என்ன செய்தும் இளைக்காது. தினமும் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் அறையில் விடுங்கள், மின்வயரை மூடிவிட்டு. வழுக்குகிற டைல்ஸ் தரையில் குண்டு முயல் ஓடாது, பாய் விரித்தால் ஓடும். பெல்லட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லுக்குள் தூவுங்கள், செய்தித்தாளில் சுருட்டிப் போடுங்கள், தேடித் தின்னட்டும். கோடையில் பகலில் அசையாது, அதை வற்புறுத்தக் கூடாது, 30 டிகிரி தாண்டினாலே அதற்குத் தாங்காது. விடிகாலையிலும் இருட்டிய பிறகும் விடுங்கள், இரவுக்குப் புல் நிறையப் போட்டு வையுங்கள். தண்ணீர் கனமான மண் கிண்ணத்தில், குழாய் வைத்த பாட்டிலை விடக் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும்.

வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று ஒன்றரை சதவீதம் குறைந்தால் சரியான வேகம், 2 கிலோ 800க்கு அது 30, 40 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் பெல்லட்டை ஒரு படி ஏற்றுங்கள். மல்லிக்கு முதல் மாதம் முழுக்க 50 கிராம்தான் குறைந்தது, 2 கிலோ 250க்கு வர ஆறு மாதம் ஆனது. நான்காவது மாதத்தில் ஒரு நாள் காலை அவள் பக்கவாட்டில் வளைந்து தன் முதுகை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அதற்கு முன் அப்படி வளைந்து நான் பார்த்ததில்லை, பின்பக்கமும் அதே சமயத்தில் சுத்தமாகிவிட்டது.

இடையில் எப்போதாவது முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல், முதுகைக் குவித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இலக்கைத் தொட்ட பிறகும் தராசை உள்ளே எடுத்து வைத்துவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை போடுங்கள். தீவனத்தை நீங்கள் மாற்றாதபோதே எடை தானாக இறங்குகிறது, புல்லை வாயில் வைத்துவிட்டுக் கீழே போடுகிறது, தாடை ஈரமாக இருக்கிறது என்றால் கடைவாய்ப்பல் கூர்ந்து வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்துகிறதா என்று மருத்துவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.